கட்டிலருகே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

36 ஆண்டுகள் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் தாதியாகவும் தாதியர் பயிற்றுநராகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் நோயாளியின் உரிமைகளைப் பற்றியவை.

கேள்வி: அக்கா, எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தாதியருக்கு ‘நோயாளியின் உரிமைகள்’ என்று 45 நிமிட வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார் நர்ஸ் மேனேஜர். பிலிப்பீன்ஸ், மியன்மார், கேரளா, தமிழ்நாடு என்று பல ஊர்க்காரர்கள். 32 ஸ்லைடு தயாரித்துவிட்டேன். ஆனால் இது யார் மனத்திலும் நிற்காது என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?
– தாதி, ஈசூன்

பதில்: தங்கச்சி, மூன்று ஸ்லைடை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். மிச்ச நேரம் முழுக்க அவர்களைப் பேச வையுங்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1986இல் எனக்கு 19 வயது, மாணவத் தாதி. வார்டில் ஒரு பாட்டி. சர்க்கரை நோயில் கால்விரல்கள் கறுத்துப்போயிருந்தன. தமிழும் கொஞ்சம் பஜார் மலாயும்தான் அவருக்குத் தெரியும். மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கினார். தரை துடைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவரும் தெரிந்த வரையில் ‘காக்கி’யை வெட்டணும் என்று சொன்னார். மலாயில் பாதமும் காக்கிதான், முழுக்காலும் காக்கிதான். பாட்டி தன் விரல்களைக் குனிந்து பார்த்தார், தலையாட்டினார், ரேகை வைத்தார். அறுவை முடிந்து மயக்கம் தெளிந்ததும் போர்வைக்கு மேலாகத் தடவிப் பார்த்தவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தட்டுப்படவில்லை. “விரலைத்தானேம்மா எடுக்கிறதா சொன்னாங்க?” என்று என்னிடம்தான் கேட்டார்.

காலை எடுத்தது மருத்துவப்படி தேவையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர் சம்மதித்தது அதற்கில்லை. நான் தமிழ்ப் பெண், ரேகை வைக்கும்போது கட்டுப்போடும் தட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். மருத்துவர் பேசும்போது மாணவி குறுக்கிடக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டேன். பாட்டிக்குச் சரியாகப் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் சொல்ல வாயில் ஒரு வாக்கியம் இல்லை.

அதனால் வாக்கியங்களைக் கொடுங்கள். “டாக்டர், பாட்டிக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் கொடுங்கள்.” இதை ஒவ்வொருவரும் எழுந்து நின்று, சத்தமாக, மூன்று தடவை சொல்லட்டும். ஒருவர் அவசரத்தில் இருக்கும் மருத்துவராக நடிக்கட்டும். முதல் தடவை எல்லோருக்கும் குரல் கம்மும், அது பரவாயில்லை. வகுப்பில் கம்மினால் வார்டில் கம்மாது.

அடுத்தது, “புரிந்ததா?” என்று கேட்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் மரியாதைக்காகவே “புரிஞ்சதும்மா” என்பார்கள். அதற்குப் பதிலாக, “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கத்தான் கேட்கிறேன். நாளைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று மகளிடம் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்கட்டும். அந்தப் பாட்டியிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ‘விரல்’ என்ற சொல் அப்போதே வெளியே வந்திருக்கும்.

உங்கள் வகுப்பில் பல மொழி பேசுகிறவர்கள் இருப்பது பெரிய வசதி. பிலிப்பீன்ஸ் தாதி ஒருவரை நோயாளி உடையோடு தள்ளுகட்டிலில் படுக்க வையுங்கள். தமிழ் தெரிந்த இருவர் அவர் தலைக்கு மேலே தமிழிலேயே பேசிக்கொள்ளட்டும். நடுவில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு ‘உச்’ கொட்டட்டும். இரண்டு நிமிடம் போதும். அப்புறம் ஆளை மாற்றி, பர்மிய மொழியில். நான் பயிற்சி கொடுத்த காலத்தில் ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து, “எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டேன்” என்றார். அவர்கள் பேசியது மதியச் சாப்பாட்டைப் பற்றி.

சரி, அந்த மூன்று ஸ்லைடு. ஒன்று, நம் சிவில் சட்டத்தின் 37ஆம் பிரிவு. 2020இல் திருத்தத்தில் வந்தது, 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மருத்துவர் தரும் ஆலோசனை தகுந்ததா என்பதைச் சக மருத்துவர்களின் கருத்தை வைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கருத்து, நோயாளி தெரிந்து முடிவெடுக்க என்னென்ன தகவல் வேண்டும் என்பதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். இதில் தாதியருக்கு ஒரு பெரிய வேலை ஒளிந்திருக்கிறது. நோயாளி வாய்விட்டுச் சொன்ன கவலை மட்டுமல்ல, மருத்துவக் குறிப்பேட்டைப் பார்த்தால் தெரியவேண்டிய கவலையையும் மருத்துவர் கருத வேண்டும் என்கிறது சட்டம். இரவு இரண்டு மணிக்கு ஒரு தாத்தா, “ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்சி ஓட்ட முடியுமா தாதி?” என்று கேட்டால், அதைக் குறிப்பில் எழுதுங்கள். காலையில் வரும் மருத்துவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘இரவில் நன்றாகத் தூங்கினார்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அந்தக் கேள்வி யாருக்கும் போய்ச் சேராது.

மற்ற இரண்டு: 2008ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் (தானே முடிவெடுக்கும் திறனைப் பற்றியது), நோயாளி விவரங்களின் ரகசியம். ரகசியத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். லிஃப்டில் நோயாளியைப் பற்றிப் பேசாதீர்கள், வார்டில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

கேள்வி: நான் தாதி இல்லை, பராமரிப்பு உதவியாளர். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது என் வேலை. உரிமைப் பயிற்சி எனக்கும் தேவையா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முதல் வரிசையில் நீங்கள்தான் உட்கார வேண்டும். மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார், அந்த உடம்பை நாள் முழுக்கத் தொடுவது நீங்கள். தொடும் முன் சொல்லுங்கள்: “அம்மா, இப்போது முதுகைத் துடைக்கப்போகிறேன்.” நினைவு தப்பியவரிடமும் சொல்லுங்கள். திரையைக் கடைசி அங்குலம் வரை இழுத்து மூடுங்கள். அந்த நாலு விரல் இடைவெளி வழியாகத்தான் எதிர்க்கட்டில்காரர் பார்க்கிறார் என்று நோயாளி கூசுவார். தாலியையோ காப்புக்கயிற்றையோ எடுக்க வேண்டியிருந்தால் கேட்டு, அவர் கண் முன்னாலேயே எடுத்து வையுங்கள். எல்லோரையும் பாட்டி, தாத்தா என்று கூப்பிட வேண்டாம், எப்படிக் கூப்பிடட்டும் என்று கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நான் ‘டீச்சர்’ என்று கூப்பிட்ட அன்றுதான் அவர் முதல் முறையாகச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கேள்வி: நோயாளிக்குத்தான் உரிமை, திட்டும் அடியும் வாங்கும் எங்களுக்கு ஒன்றும் இல்லையா?
– தாதி, ஜூரோங்

பதில்: இருக்கிறது தம்பி. 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் பொது மருத்துவமனை ஊழியரையும் காக்கிறது. வேலையில் இருக்கும்போது மிரட்டினாலோ கேவலமாகத் திட்டினாலோ 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. அடித்தால் அது தனிக் குற்றம். உடனே மேலதிகாரியிடம் சொல்லி எழுத்தில் பதியுங்கள். சிகிச்சையை மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு, உங்களை அடிக்கும் உரிமை கிடையாது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. வயிற்றில் புற்றுநோய். மனம் உடைந்துவிடுவார் என்று நாங்கள் அவரிடம் ‘அல்சர்’ என்று சொல்லியிருக்கிறோம். மருத்துவர் சொல்வதை அண்ணன்தான் மொழிபெயர்க்கிறார். போன வாரம் ஒரு தமிழ்த் தாதி, “ஐயா, உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்று நேராகக் கேட்டுவிட்டார். அண்ணன் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். தாதி செய்தது சரியா?
– மகள், செங்காங்

பதில்: சரிதான் அம்மா. நல்ல பயிற்சி பெற்ற தாதி அவர். உங்கள் நோய் இது என்று போட்டு உடைக்கவில்லை, எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம், மகனிடம் பேசுங்கள்’ என்று அப்பா சொன்னால் அதுவும் அவர் உரிமைதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. மனத்திறன் இல்லை என்று நிறுவப்படாத வரை, ஒருவருக்கு அது இருப்பதாகவே கொள்ள வேண்டும். அப்பா தெளிவாக இருக்கும்போது அவர் சிகிச்சைக்கு வேறு யாரும் சம்மதம் தர முடியாது. தனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் எல்பிஏ பத்திரம் செய்திருந்தாலும் அவர் அந்தத் திறனை இழந்த பிறகுதான் அது செல்லும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் அம்மாவுக்கு வந்தபோது நானும் தம்பியும் இதையேதான் செய்தோம், நான் தாதியாக இருந்தும். அம்மா இறந்து பதினாறாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு மாதத்துக்கு முன்னாலேயே, “எனக்கு அப்புறம் பேத்திக்குக் கொடுத்திடு, பிள்ளைகளுக்கு நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல” என்று சொல்லி ஒப்படைத்திருந்தாராம். நான்கு மாதம் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் நடித்திருக்கிறோம்.

அண்ணனிடம் புகாரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், முடிந்தால் அந்தத் தாதியும் இருக்கட்டும். முதலில் அப்பாவிடம், “உங்களுக்கு என்னவென்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்து மருத்துவர் தொடங்குவார். அண்ணனும் பக்கத்தில் இருக்கட்டும், அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள. மொழிபெயர்க்க மட்டும் வேண்டாம்.