ராயபுரத்தை நடுவில் வைத்து உலக வரைபடம் வரையும் நிரலை நாமே எழுத முடியுமா?

தாராளமாக முடியும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

கடற்கரைக் கோடுகள் நேச்சுரல் எர்த் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1:11 கோடி அளவுக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ராயபுரத்திலிருந்து (13.1 வடக்கு, 80.3 கிழக்கு) எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று கணக்கிட்டு, அதே தூரத்தில் அதே திசையில் திரையில் வைக்க வேண்டும். அசிமுத்தல் ஈக்விடிஸ்டன்ட் ப்ரொஜெக்‌ஷன் என்பது இதுதான். சைன், காஸ் போடும் முன் டிகிரியை ரேடியனாக மாற்றிவிடுங்கள்.

வடசென்னைக்கு இதில் ஒரு வசதி உண்டு. பூமியின் நேர் மறுபக்கப் புள்ளி இழுபட்டு வெளிவட்டமாகிவிடும். நமக்கு அந்தப் புள்ளி பெருவுக்கு மேற்கே பசிபிக் கடலில் விழுகிறது, அதனால் எந்த நாடும் கிழியாது. தென் அமெரிக்கா மட்டும் ஓரத்தில் வளைந்து அகலமாகக் கிடக்கும். கணக்கு தப்பில்லை, பயப்பட வேண்டாம். அப்புறம், ரஷ்யாவின் கிழக்கு முனையில் 180 டிகிரி தீர்க்கரேகையில் ஒரு வெட்டுக்கோடு தெரியும். விளிம்புக்கோடு போடாமல் வண்ணம் மட்டும் நிரப்பினால் அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

வரைந்து முடித்ததும் ராயபுரத்திலிருந்து நியூயார்க்குக்கு ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். மேற்கே போகாது, வடக்கே கிளம்பி, சற்றே மேற்காகச் சாயும். உண்மையான குறுக்குவழி அதுதான். பள்ளிச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் இது தெரியவே தெரியாது.