சிறிய பவளத் தொட்டியில் பச்சைப் பாசி ஓயவே மாட்டேன் என்கிறது. எந்த மருந்தை ஊற்றலாம்?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: இரண்டடித் தொட்டி, தொடங்கி ஐந்து மாதம். பாறை முழுவதும் முடி போலப் பச்சைப் பாசி. பிடுங்கினால் பத்தே நாளில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. சோதனைக் கருவியோ, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் பூஜ்யம் என்கிறது. எந்த மருந்தை ஊற்றலாம்?

மருந்து ஊற்றாதீர்கள். அந்தப் பூஜ்யத்தையும் நம்பாதீர்கள். இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. கடல்மீன் தொட்டிக்கு ஒரு வாளி உப்பு வேண்டுமென்றாலும் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். என் தொட்டி வீட்டுக் கூடத்தில், சாமி மேடைக்கு எதிரே இருக்கிறது. நீளம் 60 செ.மீ., அகலமும் உயரமும் 35. பாறை, மணல் போக ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீர். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி மீன், காளான் பவளங்கள், கொஞ்சம் ஸோவாந்தஸ் என்ற பூப்போன்ற பவள வகை. அவ்வளவுதான் குடித்தனம்.

முதலில் அந்தப் பூஜ்யம். உங்கள் கருவி பொய் சொல்லவில்லை. தண்ணீரில் கரைந்து மிச்சமிருப்பதை மட்டுமே அது அளக்கிறது. பாசி உறிஞ்சித் தன் உடம்பில் கட்டி வைத்திருப்பது அதன் கணக்கில் வராது. சம்பளம் வந்த அன்றே கடன்காரரிடம் போய்விடும் வீட்டில், உண்டியலைக் குலுக்கிப் பார்த்துவிட்டு ‘இந்த வீட்டுக்கு வருமானமே இல்லை’ என்று சொல்வது போன்றது அது. போதாததற்குப் பாறையும் ஒரு கிடங்கு. பவளப்பாறை சுண்ணாம்பு. தண்ணீரில் பாஸ்பேட் மிகும்போது தன்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும், குறையும்போது மெல்ல விடும். பாசி கண்ணாடியைவிடப் பாறையில் கெட்டியாக வேர்விட்டது போல நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் தெரியாமல் நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் பாசி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர். கடைசிக் காலத்தில் உரம் போடும் கூட்டத்துக்கு மண்டோர், அதாவது மேற்பார்வையாளர். ஒரு ஞாயிறு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். “லாலாங் புல்லைக் கையால் பிடுங்கி ஒழித்தவன் எங்கள் தோட்டத்தில் ஒருவனும் இல்லை” என்றார். பிறகு, “சரி, இதற்கு உரம் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார். கடல்மீன் தொட்டியை வாழ்நாளில் முதல் முறையாகப் பார்க்கும் மனிதர். கடையில் என்னிடம் மூன்று புட்டி மருந்து விற்றவர்களில் யாரும் கேட்காத கேள்வி அது.

அந்தக் கேள்வியோடு வீட்டைச் சுற்றி வந்தேன். முதல் திருடன் குழாயடியிலேயே அகப்பட்டான்.

இங்கே நண்பகலில் வெயில் 32, 33 டிகிரியைத் தொடும். தொட்டியை 27 டிகிரியில் நிறுத்த இரண்டு சிறிய விசிறிகளை நீர்மட்டத்தை நோக்கி வைத்திருக்கிறேன். தண்ணீர் ஆவியாவதால்தான் தொட்டி குளிர்கிறது. நாளுக்கு ஒரு லிட்டர் குறையாமல் வற்றும். அந்தக் குறையைக் குளோரின் நீக்கியை விட்டுக் குழாய்த் தண்ணீரால் நிரப்பிவந்தேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்து வந்த நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எதுவும் கூடவே போவதில்லை. நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் அறுபது நாளில் முழுத் தொட்டி அளவுக்குக் குழாய்த் தண்ணீரை உள்ளே காய்ச்சி வற்ற வைத்திருக்கிறேன் என்று கணக்கு. வாரம் ஆறு லிட்டர் தண்ணீர் மாற்றியும் ஏன் பலனில்லை என்பது அன்றுதான் விளங்கியது. வாரம் 10 விழுக்காடு வீதம் மாற்றினால், புதிதாக ஒன்றுமே சேராவிட்டாலும்கூட, உள்ளே இருப்பது பாதியாக ஏழு வாரம் ஆகும். நானோ நாள்தோறும் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதலில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை அதிகமில்லை. தொட்டிக்குள் போகும் ஒவ்வொரு சொட்டும் ஆர்ஓ சவ்வு வடிகட்டி, அதன் பிறகு மிச்ச உப்பைப் பிடிக்கும் டிஐ பிசின் இரண்டையும் கடந்து, மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீராக இருக்க வேண்டும். உப்புக் கலக்கும் தண்ணீருக்கும் இதே விதி. கடைத்தெருவில் காசு போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்களை நம்பி வாளியோடு கிளம்பிவிடாதீர்கள். அவற்றில் சில ஆர்ஓ, சில வெறும் வடிகட்டல். எங்கள் ஊரில் நான் அளந்த இரண்டில் ஒன்று 4 காட்டியது. மற்றதற்கும் என் வீட்டுக் குழாய்க்கும் வித்தியாசமே இல்லை. இன்னொன்று: சிலிக்கா மின்னூட்டம் இல்லாமல் கரைந்திருக்கும், அதனால் மீட்டருக்குப் பெரும்பாலும் தென்படாது. கண்ணாடியில் பழுப்புத் தூசி போல, சிலிக்காவால் வளரும் டயாட்டம் என்ற நுண்பாசி வந்துகொண்டே இருந்தால் பிசினை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு மாமா மழைநீர் பிடிக்கச் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கூரை துத்தநாகம் பூசிய தகரம். துத்தநாகம் மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவிலேயே நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். மழைநீர் செடிக்குப் போகட்டும்.

இரண்டாம் திருடன் மீனுக்குத் தீனியாகப் போடும் உறைபனி மைசிஸ், அதாவது இறால் போன்ற சிற்றுயிர். அந்தக் கட்டியைக் கரைத்தால் வரும் கலங்கல் நீரை அப்படியே ஊற்றுவது, உரக்கரைசலை ஊற்றுவதற்குச் சமம். நான் அதை ஒரு கோப்பைத் தொட்டி நீரில் கரைத்து, வடிகட்டியில் வடித்து, இன்னொரு முறை அலசிய பிறகே போடுகிறேன். நாளுக்கு ஒரு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. மீன் உங்களைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடும். மனம் இளகாதீர்கள், அது எப்போதும் அப்படித்தான்.

உரம் வரும் வழியை அடைத்த பிறகு பிடுங்குவதற்கு அர்த்தம் உண்டு. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. தொட்டிக்குள்ளேயே பிய்த்து எறிந்தால் துண்டுகள் பறந்து போய் அடுத்த பாறையில் குடியேறும். நான் ஒரு பழைய பல் துலக்கும் தூரிகையின் கழுத்தில் சிறு குழாயின் வாயை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். குழாயின் மறுமுனை கீழே வாளியில். தேய்க்கத் தேய்க்கப் பிய்ந்து வருவதைக் குழாயே உறிஞ்சிக்கொண்டு போகும். தண்ணீர் மாற்றும் வேலையும் அதிலேயே முடிந்துவிடும். தூக்க முடிந்த கல்லாக இருந்தால் தொட்டி நீர் உள்ள வாளிக்கு எடுத்து, முடிந்தவரை பிடுங்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசியின் அடியில் மட்டும் ஓவியத் தூரிகையால் தடவுங்கள். நுரைக்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து உப்புநீரில் அலசித் திரும்ப வையுங்கள். பவளத்தின் சதையில் படவிடாதீர்கள். ஒரு வாரத்தில் பாசி வெளுத்து உதிரும். மருந்தென்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் எனக்குத் தெரிந்து இதுதான், அதுவும் தொட்டிக்கு வெளியே.

அடுத்தது நத்தை. மலாயில் ‘சிப்புட்’ என்றாலே நத்தைதான். ஊரின் பெயரிலேயே நத்தையை வைத்துக்கொண்டு, அதை வாங்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. ட்ரோக்கஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். கவிழ்ந்து விழுந்தால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரியா வகைக்கு அது முடியாது, மல்லாந்தபடியே கிடந்து சாகும், நாள்தோறும் நீங்கள்தான் நிமிர்த்தி வைக்க வேண்டும். உங்கள் தொட்டிக்கு ஐந்தாறு போதும். நீளமாக வளர்ந்த முடிப்பாசியை அவை சீண்டாது. நீங்கள் ஒட்ட வெட்டிக் கொடுத்தால், துளிர்ப்பதை மேய்ந்துகொண்டே இருக்கும்.

இனி நான் செய்த பெரிய தவறு. தண்ணீரைச் சரிசெய்து ஒரு மாதமாகியும் பாசி மெதுவாகத்தான் குறைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள்களைச் சொன்ன அளவைப் போல இருமடங்கு போட்டேன். இரண்டு வாரத்தில் பச்சை வெளிறியது. படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மூன்றாம் வாரம் மணலின் மேல் பழுப்பு நிறத்தில் சளி போல ஒன்று படர்ந்தது. நுனியில் காற்றுக் குமிழிகள், விளக்கு எரிய எரிய நீளும் நூல்கள். இரவில் பாதி மறைந்துவிடும், மறுநாள் மதியம் மறுபடியும் வந்து நிற்கும். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. நிமிரத் தெரிந்த ட்ரோக்கஸ்கூட நிமிரவில்லை.

அக்காள் மகளின் பள்ளிக்கூட நுண்ணோக்கியைக் கடன் வாங்கி ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன். எள்ளைப் போல ஒரு முனை கூர்ந்த உயிரணுக்கள், ஒவ்வொன்றும் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி ஓரிடத்தையே சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தன. டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர், அதிலும் ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை. நஞ்சுள்ளது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு வற்றிய தொட்டியில்தான் இது பெரும்பாலும் தலையெடுக்கும். போட்டிக்கு நிற்கும் மற்ற நுண்ணுயிர்கள் பட்டினியில் ஒடுங்கிவிட, இது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நுண்ணோக்கி இல்லாதவர்கள் சளியைத் தொட்டி நீரோடு ஒரு குப்பியில் குலுக்கி, டிஷ்யூ தாளில் வடித்து, தெளிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மறுபடியும் நூல் நூலாகத் திரண்டால் இதுவேதான்.

துகள்களை எடுத்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். எதை விரட்ட இத்தனை பாடுபட்டேனோ, அந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் புட்டியில் வாங்கி நானே சொட்டுச் சொட்டாக விட்டேன். இரவில் இவை நீரில் மிதக்கும் என்பதால் புற ஊதா விளக்கு ஒன்றையும் தொட்டியிலேயே ஓடவிட்டேன். ஆறு வாரம் போராட்டம். அப்பா உரம் அளக்கும் தன் பழைய தகரக் குவளையை இன்னும் வைத்திருக்கிறார். மரத்துக்கு இத்தனை குவளை என்று கணக்கு. ஒரு மரத்தடியில் கொட்டிக் குவித்துவிட்டு அடுத்த நாலு மரத்தை விட்டுப் போகிறவர்களைத்தான் அவர் அதிகம் ஏசியிருக்கிறாராம். இப்போது நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை வைத்திருக்கிறேன். பூஜ்யத்தைக் கண்டால் பயம்.

உங்களுடையது உண்மையில் முடிப்பாசிதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். செம்பழுப்பாகவோ ஊதாவாகவோ ஆடை போலப் படர்ந்து, ஊதினால் தகடாகப் பெயர்ந்தால் அது சயனோபாக்டீரியா. நீரோட்டத்தைக் கூட்டி உறிஞ்சி எடுங்கள். பச்சைக் கண்ணாடி மணி போல உருண்டையாக இருந்தால் வலோனியா. உடைக்காமல் முழுதாகப் பெயர்க்க வேண்டும். இறகு போலவோ சிறு பெரணி போலவோ கிளைத்திருந்தால் பிரையாப்சிஸ். நத்தை அதைத் தொடாது, பட்டினி போட்டாலும் எளிதில் சாகாது. அதற்கு மட்டும் ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் பலர் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் வீதம் பயன்படுத்துகிறார்கள். நான் செய்து பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு செலவு செய்யலாம் என்றால், தொட்டியின் முதுகில் மாட்டும் சிறு பெட்டி ஒன்று வாங்கி, அதில் கீட்டோமார்ஃபாவை வளருங்கள். சமையலறைக் கம்பி நார் போல முறுக்கிக்கொண்டு வளரும் கடற்பாசி அது. தொட்டி விளக்கு அணைந்த பிறகு இதன் விளக்கு எரியட்டும். பாசியை ஒழிக்கப் பாசியா என்று அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. செம்பனைக் கன்று நடும்போது முக்குனாக் கொடியை விட்டு நிலத்தை மூடுவார்கள், களை எழும்ப இடமே இருக்காது, அதே கதைதானே என்றார். மாதம் ஒரு முறை கைப்பிடி அளவு அறுத்தெடுத்து வாழையடியில் போடுகிறேன், நன்றாக அலசிய பிறகு.

விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் திரை போடுங்கள். இதையெல்லாம் இன்றே தொடங்கினாலும் முதல் மாதத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மூன்றாம் மாதக் கடைசியில்தான் பாறையில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி புள்ளி புள்ளியாக வந்தது. அது வந்த இடத்தில் பச்சை மறுபடி ஏறவில்லை.

வற்றுவதற்கு ஈடாக ஊற்றும் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்று அளந்து கீழே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம். அப்புறம், மைசிஸ் வடிக்க மீனுக்கென்று தனி வடிகட்டி வாங்கிவிடுங்கள். நான் வாங்கி ஓராண்டாகிறது. அம்மா இன்னும் தேநீர் வடிகட்டியை முகர்ந்து பார்த்த பிறகுதான் எடுக்கிறார்.