ஜுனலுஸ்கா ஏரி: பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: சார்லட்டில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவை அக்டோபர் நடுவில் இரண்டு நாள், வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியில் இருக்கும் ஜுனலுஸ்கா ஏரி மெதடிஸ்ட் (கிறிஸ்தவப் பிரிவு) மையத்துக்கு அழைத்துப்போக நினைக்கிறோம். நாங்கள் இந்துக்கள், சைவம். அங்கே தங்க விடுவார்களா? ஹெலீன் புயலில் ஐ-40 சாலை போய்விட்டது என்கிறார்களே? அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. கூகுளில் கிடைத்த எண்ணில் பேசினேன். "ஒரே ஒரு ரூம்தான் இருக்கிறது, முழுப் பணத்தையும் இப்போதே கட்டுங்கள்" என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் பேசியது பெரும்பாலும் ஹோட்டலோடு அல்ல, ஹோட்டல் பெயரை விளம்பரத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடைத்தரகு கால் சென்டரோடு. தேடலில் மேலே "ஸ்பான்சர்டு" என்று வருவதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய இடம். இணைய முகவரியில் ".காம்" என்பதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் சொல்லை மட்டும் பாருங்கள். அது வேறு பெயராக இருந்தால், அதற்கு முன்னால் "ஜுனலுஸ்கா" என்று எத்தனை முறை வந்தாலும் அது மையத்தின் தளம் இல்லை. போனில் என்றால், மையத்தின் இரண்டு ஹோட்டல்களின் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நீங்கள் டெரஸ் ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கிறீர்களா, லாம்பத் இன்னிலா?" தரகர் அதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டார். "எல்லா ஹோட்டலுக்கும் நாங்களே புக் செய்கிறோம்" என்பார். வைத்துவிடுங்கள்.

"ஒரே ரூம்" என்பதையும் நம்ப வேண்டாம். இது மாநாட்டு மையம். குழுக்களுக்காக அறைகளை மொத்தமாக ஒதுக்கி வைப்பார்கள், மிஞ்சியதைப் பிறகு விடுவிப்பார்கள். மையத்துக்கே போன் செய்து, "குழு ஒதுக்கீடு எப்போது விடுபடும்?" என்று கேளுங்கள்.

ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில்தான் எடுக்க வேண்டும். ஹெலீன் வந்தது 2024 செப்டம்பர் கடைசியில். அக்டோபரிலும் புயல் காலம் முடிந்திருக்காது. தரகர் வழியாக "நான்-ரிஃபண்டபிள்" (ரத்து செய்தால் பணம் திரும்பாத) கட்டணத்தில் எடுத்துவிட்டுப் பணம் திரும்பக் கேட்டால், ஹோட்டல் தரகரிடம் போகச் சொல்லும், தரகர் ஹோட்டலிடம் கேட்கச் சொல்வார். கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்து மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க மத்திய அரசின் விதி ஹோட்டல்களுக்கு 2025 மே 12-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இத்தனை வருடம் "ரிசார்ட் ஃபீ" என்று வாங்கித் தின்றதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இப்போதும் வரியைத் தனியாகச் சேர்க்கலாம் என்பதால், கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைப் பார்த்த பிறகே கார்டு எண்ணைப் போடுங்கள்.

மைய வளாகத்தில் தனியார் வீடுகளும் நிறைய உண்டு, சிலர் வாடகைக்கு விடுகிறார்கள். அந்தப் படங்களைத் திருடிப் பாதி விலைக்கு விளம்பரம் போட்டு, "முன்பணத்தை ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்புங்கள்" என்று கேட்பது பழைய தந்திரம். ஸெல்லில் நீங்களே அனுப்பிய பணம் திரும்புவது அரிது. கிரெடிட் கார்டு என்றால், அந்தத் தொகை வரும் முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். வாட்ஸ்ஆப் குழுவில் "எல்லாரும் சேர்ந்து போகலாம்" என்று வசூலிப்பவருக்கும் இதே அளவுகோல்தான்: உங்கள் பெயரில் ஹோட்டல் கொடுத்த கன்ஃபர்மேஷன் எண் கைக்கு வராமல் பணம் தரவேண்டாம்.

சாலைக்கு வருகிறேன். சேதமானது பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், டென்னசி எல்லையை ஒட்டிய பகுதி. வட கரோலினாவில் ஐ-40-ன் எக்ஸிட் எண்கள் அந்த எல்லையிலிருந்து மைல் கணக்கில் ஏறும். நீங்கள் ஐ-85, யு.எஸ்.-74, ஐ-26 வழியாக ஆஷ்வில் வந்து, ஐ-40 மேற்கில் எக்ஸிட் 27-ல் திரும்புகிறீர்கள். பள்ளத்தாக்கு அதற்கும் அப்பால். உங்களுக்குக் கவலையே இல்லை.

ஒரே விதிவிலக்கு, அங்கிருந்து டென்னசியில் உள்ள சுற்றுலா ஊரான காட்லின்பர்க் போகும் ஆசை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கிறார்கள். ஐ-40-ல் போனால் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 2025 மார்ச்சில் திறந்தபோது பக்கத்துக்கு ஒரு தடம், 35 மைல் வேகம். ஜூனில் பாறை சரிந்து மறுபடி மூடினார்கள். மூடினால் ஜிபிஎஸ் உங்களை மாநில சாலை 209-ல் இறக்கிவிடக்கூடும். "ராட்லர்" என்று பைக்காரர்கள் தேடிப்போகும் கொண்டை ஊசிச் சாலை அது. பின்சீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாந்திதான். அதற்குப் பதிலாக செரோக்கி ஊருக்குப் போய், யு.எஸ்.-441-ல் நியூஃபவுண்ட் கேப் என்ற மலைக்கணவாய் வழியாகக் கடந்துவிடுங்கள். 5,046 அடி ஏறும், மெதுவாகத்தான் போகமுடியும், ஆனால் காட்சிக்குக் காட்சியும் ஆயிற்று. புறப்படும் காலையில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் "டிரைவ் என்.சி." தளத்தை ஒருமுறை பாருங்கள்.

மதம் ஒரு பிரச்சினையே இல்லை. 1913-ல் தென்மாநில மெதடிஸ்ட்கள் தொடங்கிய இடம் என்றாலும் யாரும் தங்கலாம், வழிபாட்டுக்குக் கட்டாயமில்லை. சிலுவை மேடையில் நின்று ஏரியைப் பார்ப்பதற்கும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மூட்டுவலிக்கு, ஏரியை ஒட்டிய டெரஸ் ஹோட்டல் நல்லது. 1921-ல் கட்டிய லாம்பத் இன் அழகானது, ஆனால் மேட்டில் இருக்கிறது. "லேக் வியூ" என்றால் ஜன்னலில் ஏரி தெரியும், அவ்வளவுதான். ஏரிக்கரைக்கு இறங்கி நடக்க எவ்வளவு தூரம், எத்தனை படி என்று தனியாகக் கேளுங்கள். ஏரியை முழுதாகச் சுற்ற 3.8 மைல், நடைபாலமும் அணையும் வழியாகக் குறுக்கினால் 2.3 மைல். அம்மா ரோஜாச் செடிகள் உள்ள கரைப்பகுதியில் மட்டும் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து திரும்பினால் போதும்.

சாப்பாட்டில் ஏமாறும் இடம் காய்கறிதான். அமெரிக்கத் தெற்கில் பீன்ஸையும் கீரையையும் பன்றிக்கொழுப்போ பேக்கனோ போட்டு வேகவைப்பது வழக்கம். மேலே பார்த்தால் வெறும் பச்சை பீன்ஸ், அடியில் கரண்டியை விட்டால் இளஞ்சிவப்பாக இறைச்சித் துணுக்கு வரும். "வெஜிடேரியனா?" என்று கேட்டால் ஆமாம் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். "பன்றி, கோழிச்சாறு ஏதாவது சேர்த்ததா?" என்று கேளுங்கள்.

இலை நிறம் மலையுச்சியில் தொடங்கிக் கீழே இறங்கும். ஏரி சுமார் 2,600 அடியில் இருப்பதால், அக்டோபர் நடுவில் கரையில் பாதிப் பச்சையாகவே இருக்கலாம். அப்படியானால் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையில் வாட்டர்ராக் நாப் சிகரப் பகுதிக்கு ஏறிப் பாருங்கள். அங்கே கார் நிறுத்துமிடமே 5,800 அடிக்கு மேல், கீழே இருப்பதைவிட 10 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது குளிரும். பெரியவர்களுக்கு ஸ்வெட்டரும் காது மூட மஃப்ளரும் வேண்டும். பார்க்வேயில் நிறுத்தக் கட்டணம் கிடையாது. ஸ்மோக்கி தேசியப் பூங்காவுக்குள் 15 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால்தான் பார்க்கிங் சீட்டு, நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15.