கணப்புக்குள் விறகு இன்செர்ட்: பெட்டியைப் பார்க்குமுன் புகைபோக்கியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் செங்கல்லால் கட்டிய திறந்த கணப்பு இருக்கிறது. தீ மூட்டினால் முகம் சுடுகிறது, முதுகு குளிர்கிறது. இதற்குள் இன்செர்ட் வைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகும். திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அறைக்கு மிஞ்சும். மீதி புகைபோக்கியில் ஏறிப் போய்விடும். போகிற போக்கில் அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதை ஈடுகட்ட, கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வெளிக்குளிர் நுழைகிறது. உங்கள் முதுகில் படுவது அதுதான்.

இன்செர்ட் என்பது கணப்பின் குழிக்குள் செருகுகிற, கண்ணாடிக் கதவுள்ள எஃகு அல்லது வார்ப்பிரும்புப் பெட்டி. எரிவதற்குத் தேவையான காற்றை மட்டும் அளந்து உள்ளே விடும். மேல்பக்கம் ஒரு தடுப்புத் தகடு இருக்கும். பல மாடல்களில் அதன் அடியில் துளையிட்ட குழாய்களும் இருக்கும். அங்கிருந்து வரும் சூடான காற்று புகையையே மறுபடி எரிய வைக்கிறது. நல்ல இன்செர்ட்டின் செயல்திறன் 70 முதல் 80 சதவீதம் வரை போகும்.

ஆனால் ஒன்றை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களுடையது உண்மையிலேயே செங்கல் கணப்புதானா, அல்லது முன்பக்கம் மட்டும் செங்கல் ஒட்டிய, தொழிற்சாலையில் செய்த தகரக் கணப்பா? உள்ளே தட்டிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டாவது வகையில் எல்லா இன்செர்ட்டையும் வைக்க முடியாது. கணப்பின் தயாரிப்பாளரும் இன்செர்ட்டின் தயாரிப்பாளரும் எழுத்தில் அனுமதித்திருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

கேள்வி: எத்தனை கிலோவாட் வாங்குவது? பெரிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிதாக வாங்கியவர் என்ன செய்வார்? அறை கொதிக்கிறது என்று காற்றுத் திருகை மூடிவிடுவார். தீ எரியாது, புகையும். புகைந்தால் கண்ணாடி கறுக்கும், குழாயில் தார் படியும். சின்னப் பெட்டி முழுவீச்சில் எரிவதே மேல்.

கணக்கு எளிது. காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி வெப்பம் தரும். 75 சதவீத செயல்திறனில் அறைக்குக் கிடைப்பது 3. அப்படியானால் 7 கிலோவாட் வெப்பம் தொடர்ந்து வர, மணிக்கு ஏறக்குறைய 2.3 கிலோ விறகு போட வேண்டும். விளம்பரத்தில் எழுதியிருக்கும் சதுர அடிக் கணக்கை நம்பாதீர்கள். அதை எழுதியவர் உங்கள் வீட்டுச் சுவரையும் கூரையையும் பார்த்ததில்லை. இரவு முழுக்கத் தணல் நிற்க வேண்டுமென்றால் கிலோவாட்டைவிட எரியறையின் கொள்ளளவு முக்கியம்; 55 லிட்டருக்குக் குறைந்தால் விடியும்வரை தாங்குவது கஷ்டம்.

குழியை ஐந்து இடங்களில் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்: முன்பக்க அகலம், முன்பக்க உயரம், பின்சுவர் அகலம், தரையில் ஆழம், மேல் விளிம்பில் ஆழம். பழைய கணப்புகளில் பின்சுவர் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். தரையில் 50 சென்டிமீட்டர் ஆழம் இருந்து மேலே 35 மட்டுமே இருந்தால், பெட்டி இடிக்கப்போவது மேலேதான். கணப்பின் முன்னே குறைந்தது 40 சென்டிமீட்டருக்குத் தீப்பிடிக்காத தளம் வேண்டும். பெட்டி முன்னே துருத்திக்கொண்டு நின்றால் அந்த அளவை அதன் கதவிலிருந்து எடுங்கள். மேலே மரப்பலகை இருந்தால் எவ்வளவு இடைவெளி என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் உள்ள எண்ணே சட்டம்.

கேள்வி: "புகைபோக்கி நன்றாகத்தான் இருக்கிறது, லைனர் (புகைபோக்கிக்குள் இறக்கும் குழாய்) எதற்கு, பெட்டியைத் தள்ளி வைத்தால் போதும்" என்கிறார் விற்பவர். லைனர் வீண்செலவா?

பதில்: இன்செர்ட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் கடைசியாகக் கைவைக்க வேண்டியது இந்த லைனர். பெட்டியில் ஒரு படி இறங்கி வாங்கினாலும் சரி, இதைக் குறைக்காதீர்கள்.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு. திறந்த கணப்புக்குக் கட்டிய புகைவழி உள்ளளவில் 30க்கு 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். இன்செர்ட்டின் புகைவாய் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் வட்டம். அதன் பரப்பு சுமார் 177. ஐந்து மடங்கு அகலமான இடத்தில் புகை ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் ஊர்ந்து ஏறும். திறந்த கணப்பின் புகையோடு ஏராளமான சூடான காற்றும் சேர்ந்து போனதால் இது பிரச்சினையாக இல்லை. இன்செர்ட் விடுவதோ கொஞ்சம் புகை. அதுவும் வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு வந்தது. வழியிலேயே ஆறி, செங்கல்லில் தாராகப் படியும். கிரியோசோட் என்பது இதுதான். அது தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காரை உதிர்ந்த இடுக்கு வழியாக உத்தரத்துக்குப் போய்விடும். புகைவழியின் பரப்பு புகைவாயின் பரப்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது, வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் புகைபோக்கியானால் இரண்டு மடங்கு என்ற விதி இதனால்தான் வந்தது.

பெட்டிக்கு மேல் ஓரடி குழாயை மட்டும் சொருகிவிட்டு "லைனர் போட்டாச்சு" என்பவர்களும் உண்டு. அது லைனர் அல்ல. பெட்டியிலிருந்து உச்சிவரை ஒரே குழாயாக, புகைவாயின் அதே விட்டத்தில் போக வேண்டும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். அலுமினியக் குழாய் வாயுவில் எரியும் கணப்புக்கு உரியது. விறகுத் தீயில் உருகிவிடும். நெளிகுழாயானால் அதன்மேல் அம்புக்குறி இருக்கும். அம்பு மேல்நோக்கியே இருக்க வேண்டும். தலைகீழாக இறக்கினால் உள்சுவரின் மடிப்பில் தார் தங்கும், பின்னாளில் தூரிகையும் சிக்கும்.

கேள்வி: இதை நானே பொருத்த முடியுமா?

பதில்: கூரை வேலையில் பழக்கமில்லாதவர் அந்தப் பகுதியைத் தேர்ந்தவரிடம் விடுவதே நல்லது. கட்டட அனுமதியும் வீட்டுக் காப்பீடும் சான்று கேட்கும் இடங்களில் வேறு வழியும் இல்லை. ஆனால் யார் செய்தாலும் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை உண்டு.

முதலில் பழைய கரி முழுவதும் போக வேண்டும். லைனருக்கு வெளியே தார் மிச்சமிருந்தால் குழாயின் சூட்டிலேயே பற்றலாம். பிறகு புகைவழியைத் திறந்து மூடும் பழைய டாம்பர் தகட்டைக் கழற்றுவார்கள் அல்லது குழாய் போகும் அளவு வெட்டுவார்கள். குழாயை நசுக்கி இடுக்கில் நுழைக்க விடாதீர்கள். லைனரைச் சுற்றி 12 மில்லிமீட்டர் செராமிக் கம்பளி சுற்றி, மேலே கம்பிவலை இழுத்து, உச்சியிலிருந்து இறக்குவார்கள். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்து வழிகாட்டுவார்.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடுவது: டாம்பர் இருந்த மட்டத்தில் குழாயைச் சுற்றி ஓர் அடைப்புத் தகடு. அது இல்லாவிட்டால் பெட்டியின் முதுகுச் சூடு முழுவதும் செங்கல் கூட்டுக்குள் ஏறிப்போய், காக்கைக்குக் குளிர்காயத்தான் பயன்படும். தகட்டின் மேல் கம்பளி பரப்பி, ஓரங்களைச் சூடு தாங்கும் பசையால் அடைக்க வேண்டும்.

பெட்டியின் எடை 150 கிலோவைத் தாண்டலாம். கதவையும் உள்செங்கற்களையும் கழற்றிவிட்டுத் தள்ளினால் பாதி வேலை குறையும். குழாயைப் புகைவாயோடு மூன்று ஸ்டெயின்லெஸ் திருகுகளால் இறுக்க வேண்டும். வெறுமனே செருகி விட்டால், துடைக்கும்போது ஒருநாள் கழன்றுவிடும். உச்சியில் மூடுதகடு, மழைத்தொப்பி. புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 90 சென்டிமீட்டராவது உயரவும், சுற்றி 3 மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட 60 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கவும் வேண்டும். அதே அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைக்காமல் முதல் தீ மூட்டாதீர்கள். முதல் மூன்று தீயும் சிறியதாக இருக்கட்டும். பெயின்ட் பதமாகும் நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: பொருத்தி இரண்டு மாதம். கண்ணாடி தினமும் கறுக்கிறது, கதவைத் திறந்தால் புகை உள்ளே வருகிறது. பெட்டியில் குறையா?

பதில்: பெட்டியைக் குறைசொல்லும் முன் விறகைப் பிளந்து பாருங்கள். ஈரமானியை வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய் சொல்லும். புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில் குத்தி, 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால்தான் அது விறகு. ஈரத்தை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம்கூடப் பெரிதல்ல. எரியறை போதிய சூட்டுக்கு வராததால் புகை எரியாமலே வெளியேறுகிறது, நட்டம் அங்கேதான். வைரமான கட்டைகளுக்கு, பிளந்து அடுக்கிய பின்பும் இரண்டு வருடம் பிடிக்கலாம்.

விறகு சரி என்றால், தீ பற்றியவுடனே காற்றைக் குறைக்கிறீர்களா என்று பாருங்கள். கட்டைகள் எல்லாப் பக்கமும் பற்றும்வரை திறந்தே இருக்கட்டும். கண்ணாடியின் ஒரு மூலை மட்டும் கறுத்தால், கதவின் ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கும் கயிற்றைச் சந்தேகியுங்கள்: ஒரு காகிதத்துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள், எளிதாக வந்தால் கயிற்றை மாற்ற வேண்டியதுதான்.

கதவைத் திறக்கும்போது வரும் புகைக்குச் சமையலறை உறிஞ்சுவிசிறி காரணமாக இருக்கலாம். அதை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். புகை நின்றால் வெளிக்காற்றுக் குழாய் ஒன்றைப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். நிற்காவிட்டால் மழைத்தொப்பியின் வலை கரியால் அடைத்திருக்கிறதா, பெட்டியிலிருந்து உச்சிவரை 4.5 மீட்டராவது உயரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கதவை முதலில் ஒரு விரல் அளவு திறந்து சில நொடி நிறுத்திப் பிறகு முழுக்கத் திறப்பதும் உதவும்.

கேள்வி: ஊதுவிசிறி உள்ள மாடல் அவசியமா?

பதில்: பெட்டி குழிக்குள் முழுவதும் மறைந்திருந்தால் உதவும், முகப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவ்வளவு தேவையில்லை. மின்சாரம் போனாலும் பெட்டி பாதுகாப்பாக எரியுமா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.