ஊராட்சிக்கு வரும் பங்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அரசு மானியம் வந்துகொண்டுதான் இருக்கிறது என்கிறார்கள். தெருவிளக்குக்கு பல்பு மாற்றச் சொன்னால் ‘நிதி இல்லை’ என்கிறார் ஊராட்சிச் செயலர். எதை நம்புவது?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. ‘எஸ்.எஃப்.சி. மானியம்’ (மாநில நிதி ஆணைய மானியம்) என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். 2017-22-க்கான ஐந்தாவது மாநில நிதி ஆணையத்தின் கணக்குப்படி அதில் நூற்றுக்கு 56 பங்கு ஊரகத்துக்கும், 44 பங்கு நகர்ப்புறத்துக்கும் போனது. ஊரகப் பங்கு கிராம ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மறுபடி பிரியும். கிராம ஊராட்சிக்கு எவ்வளவு என்பதில் மக்கள்தொகைக்கு முக்கிய இடம் உண்டு. அதற்கு 2011 கணக்கெடுப்பைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு பத்து நகர் முளைத்த ஊராட்சிக்கு இது நஷ்டம்தான்.

சிக்கல் வங்கிக் கணக்கில் இருக்கிறது. வீட்டு வரி, தொழில் வரி, மானியத்தில் ஒரு பகுதி எல்லாம் சேர்வது கணக்கு எண் 1-இல். பல்பு, பிளீச்சிங் பவுடர், குழாய் உடைப்பு எல்லாம் இதில்தான். கணக்கு எண் 2 மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டுவதற்கும் மட்டுமே. அதில் பணம் கிடந்தாலும் பல்பு வாங்கத் தொட முடியாது. மின்கட்டணம் ஏற ஏற மானியத்தில் அந்தப் பக்கம் ஒதுக்க வேண்டியதும் ஏறும், கணக்கு எண் 1 காய்ந்துபோகும்.

கிராம சபையில் படிவம் 30-ஐக் கேளுங்கள். மாத வரவு செலவு அதில் இருக்கும். மின் இணைப்புப் பட்டியலையும் கேளுங்கள். வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றின் இணைப்பு இன்னும் அதில் இருக்கிறதா, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தும் மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். பல்புக் காசு பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும்.

கேள்வி: மத்திய நிதிக்குழு பணத்தில் சமுதாயக் கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டலாமா?
– வார்டு உறுப்பினர், தென்காசி மாவட்டம்

பதில்: 2021-26-க்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டியது. அதில் பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு. இதில் சுவருக்கு இடமில்லை. மீதி 40 சதவீதத்தில் கட்டலாம். ஆனால் அந்த வேலை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏறியிருக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானம் மட்டும் இருந்து, மத்திய அரசின் ஊராட்சி இணையதளமான இ-கிராம் ஸ்வராஜில் வேலை பதிவாகாவிட்டால் பணம் பட்டுவாடா ஆகாது. சம்பளத்துக்கு இந்த 40-ஐத் தொடவே கூடாது.

கேள்வி: தேர்தல் நடக்காவிட்டால் இந்தப் பணம் நின்றுவிடுமா?
– வாசகி, கரூர்

பதில்: மத்திய மானியம் நிற்கும். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பது நிதிக்குழு விதித்த நிபந்தனை. 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது இந்த நிபந்தனைதான் இடித்தது. எஸ்.எஃப்.சி. மாநிலத்தின் சொந்தப் பணம். அதற்கு இந்தக் கட்டு கிடையாது.

கேள்வி: தொழில் வரிக்கு உச்சவரம்பு உண்டா?
– வாசகர், ஓசூர்

பதில்: உண்டு. ஆண்டுக்கு 2,500 ரூபாய். அதற்கு மேல் வசூலிக்க அரசியலமைப்பே இடம் தரவில்லை. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுகிறோம்.