மீன்குஞ்சை எப்படி எண்ணுவது? கோத்தகிரியில் கேட்ட கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரையில், ஆழமில்லாத கடலடியில் வளரும் கடற்புல்லுக்குள் பல வருடம் மீன்குஞ்சு தேடி அலைந்தவன் நான். இப்போது கோத்தகிரியில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே சுற்றுவட்டாரத்தில் பழகியவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இவை.

சார், நாங்கள் சோலையை ஒட்டிய புல்வெளியில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் போட்டு உள்ளே இருப்பதை எண்ணுகிறோம். கடற்புல்லிலும் அதேதானா? (ஊட்டி, கல்லூரி மாணவி)

சட்டம் அதேதான் அம்மா, ஆனால் நீங்கள் எண்ணும் செடி ஓடாது. மீன்குஞ்சு நம் நிழல் விழுந்தாலே ஓடும். அதனால் சட்டத்துக்குச் சுவர் வைக்கிறோம். நீளம் அகலம் இரண்டும் ஒரு மீட்டர், நாலு பக்கமும் அடைப்பு, மேலும் கீழும் திறப்பு. இடுப்பளவு தண்ணீருக்குள் சத்தமில்லாமல் நடந்து, நாலைந்து மீட்டர் தள்ளி நின்று பெட்டியை வீச வேண்டும். விழுந்ததும் ஓடிப்போய்த் தரையோடு சேர்த்து அமுக்கிவிட்டு, கைவலையால் உள்ளே அரிக்க வேண்டும். ஒரு தடவை வெறும் வலை வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. அடுத்தடுத்துப் பல தடவை காலியாக வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். புல்லின் அடியில் ஒட்டிக்கிடப்பவை கடைசியில்தான் வரும். முதுகு ஒடிகிற வேலை. ஆனால் ‘ஒரு சதுர மீட்டரில் இத்தனை’ என்று துணிந்து சொல்ல முடிவது இதில்தான்.

கரைவலை இழுத்தால் ஒரே இழுப்பில் முடிந்துவிடுமே? (குன்னூர், ஆசிரியர்)

முடியும். இழுத்த தூரத்தை வலைவாயின் அகலத்தால் பெருக்கினால் பரப்பும் கிடைத்துவிடும். சிக்கல் புல்லில் இருக்கிறது. அடர்ந்த இடத்தில் வலையின் அடியில் ஈயம் கட்டிய கயிறு தரையைத் தொடாமல் புல்மேல் ஏறி ஓடும், குஞ்சுகள் அடியில் நழுவிவிடும். ஆக, புல் அடர்ந்த இடத்தில் மீன் குறைவு என்று கணக்கு வரும். உண்மை நேர்மாறாகக்கூட இருக்கலாம். அப்புறம், வலைக்கண்ணி சிறியதாக வேண்டும். புதிதாக வந்து தங்கிய குஞ்சு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். பகலிலும் இரவிலும் இழுத்துப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு கடல் போல இருக்கும்.

எங்கள் வீட்டு வாசல் விளக்கில் மழைக்கு முன்னால் விட்டில் குவியுமே, மீனுக்கும் அப்படி உண்டா அண்ணா? (தேயிலைத் தோட்டக்காரர்)

உண்டே! ஓரா போன்ற பல மீன்கள் முதல் சில வாரங்கள் திறந்த கடலில் லார்வாவாக மிதந்துவிட்டுத்தான் புல்லுக்கு வருகின்றன. அந்தக் கடைசிக் கட்டத்தில் பல இனங்கள் விளக்கைத் தேடி வரும். அதற்குத்தான் விளக்குப்பொறி: தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் விளக்கு, உள்ளே போகச் சின்னப் பிளவு, வெளியேறும் வழி குழப்பம். நிலா வெளிச்சத்தில் இந்தப் பொறி மங்கிப்போகும் என்பதால் அமாவாசையை ஒட்டி வைப்போம். வெளிச்சத்துக்கு வராத இனங்களும் இருக்கின்றன. பொறி காலியாக இருந்தால் கடலில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஓடையில் ஆராய்ச்சிக்காரர்கள் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கி எண்ணுகிறார்களாம். கடலில்?

வேலைக்கு ஆகாது. உப்புநீர் மீனின் உடலைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். மின்சாரம் மீனைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

செயற்கைப் புல் நட்டு எண்ணுவது ஏமாற்று வேலை இல்லையா?

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நிஜப் புல் ஒரு இடத்தில் உயரம், இன்னொரு இடத்தில் குட்டை. மீன் வேறுபடுவது இடத்தாலா, புல்லாலா? பச்சை பிளாஸ்டிக் நாடாவை ஒரே அளவாக வெட்டி வலைத்துண்டில் கட்டி எல்லா இடத்திலும் வைத்தால் புல் சமமாகிவிடும், மிச்ச வித்தியாசம் இடத்தினுடையது. தினமும் பார்க்க வேண்டும். விட்டுவைத்தால் பெரிய மீன் வந்து குஞ்சைத் தின்றுவிடும், நமக்கு மிச்சம்தான் கணக்கில் வரும்.

குஞ்சு என்றைக்குப் புல்லுக்கு வந்தது என்று தெரியுமா?

தெரியும். தலைக்குள் இருக்கும் செவிக்கல்லில் மரத்தின் வளையம் மாதிரி நாளுக்கு ஒரு வளையம் விழும். பல இனங்களில் மிதப்பதை விட்டுத் தங்கிய நாளில் வளையத்தின் தன்மையே மாறும். அங்கிருந்து எண்ண வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: என் முதல் சேகரிப்பைப் பழக்கதோஷத்தில், கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டேன். அதிலுள்ள அமிலம் செவிக்கல்லைக் கரைத்துவிட்டது. மூன்று மாத உழைப்பு, மிஞ்சியது மீன்தோல். அடர்ந்த எத்தனாலில்தான் போட வேண்டும்.

நேரில் பார்க்க எப்போது வரலாம் சார்?

மண்டபத்துக்காரர்கள் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் கலங்கும், அப்போது தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றில் தலைகீழ். தென்கடலின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. கடல்குதிரை வலையில் வந்தால் உடனே தண்ணீரில் விடுங்கள், 2001 முதல் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ரப்பர் செருப்போடு வாருங்கள். புல்லுக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை படுத்திருக்கும்.