1.6 அல்டிஸுக்குள் 1.8 கிராங்க் போடலாமா?

உட்லண்ட்ஸிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 2007-இல் பதிந்த டொயோட்டா கொரோலா அல்டிஸ் 1.6 ஆட்டோ இருக்கிறது. 2017-இல் சிஓஇ-யை (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். 2 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. போன பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கெந்திங் ஏறியபோது வண்டி முக்கி முனகியது. ஏசியை அணைத்த பிறகுதான் ஏறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில், 1.8 எஞ்சினின் கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது), பிஸ்டன் மூன்றையும் என் எஞ்சினுக்குள் போட்டுத் தருகிறோம், பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்) அதேதான், எஞ்சின் எண் மாறாது, யாருக்கும் தெரியாது என்கிறார்கள். கூடவே கோன் ஃபில்டரும் (திறந்த கூம்பு வடிவக் காற்று வடிகட்டி) ஹெடரும் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி). மொத்தம் 4,800 வெள்ளி. செய்யலாமா?"

வேண்டாம். ஆனால் இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது.

உங்கள் காரில் இருப்பது 3ஸெட்ஸெட் எஞ்சின். 1.8-இல் இருப்பது 1ஸெட்ஸெட். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 79 மி.மீ. தான். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தில்தான் வித்தியாசம்: உங்களுடையதில் 81.5 மி.மீ., 1.8-இல் 91.5 மி.மீ. அந்த 10 மி.மீ.தான் 1,598 சிசியை 1,794 சிசி ஆக்குகிறது. அதனால் "கிராங்கை மாற்றினால் 1.8 ஆகிவிடும்" என்று அவர்கள் சொல்வது கணக்குப்படி சரி.

கணக்கு அதோடு முடிவதில்லை. கிராங்க் மட்டும் மாறினால் பிஸ்டன் 5 மி.மீ. கூடுதலாக மேலே வரும், 5 மி.மீ. கூடுதலாகக் கீழே போகும். எஞ்சின் உச்சியில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் (சிலிண்டர்களின் மேல்மூடி) நடுவே அவ்வளவு இடம் கிடையாது. முதல் சுற்றிலேயே இடிக்கும். ஆகவே ராடும் பிஸ்டனும் அந்தக் கிராங்குக்குச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பிஸ்டனின் தலை வடிவம் ஹெட்டில் உள்ள குழிக்குப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அளவு) எக்குத்தப்பாக ஏறும். அப்புறம் இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. அது 1.6 எஞ்சினுக்காக எழுதப்பட்டது. எந்தச் சுற்றில், எவ்வளவு சுமையில், எப்போது தீப்பொறி விட வேண்டும் என்ற அட்டவணை முழுவதும் அந்தச் சின்ன எஞ்சினுக்கானது. உள்ளே ஆள் மாறியது அதற்குத் தெரியாது. சமதரையில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கும். நீங்கள் மிதியை முழுக்க அழுத்தி மலை ஏறும்போதுதான் அந்தச் சென்சாரின் பேச்சை விட்டுவிட்டு அட்டவணையை நம்பும். தப்பு நடந்தால் அந்த இடத்தில்தான் நடக்கும்.

என் மேசையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், இதே மாதிரி இரண்டு எஞ்சின்களின் பாகங்களைக் கலந்து கட்டிய வண்டியிலிருந்து கழற்றியது. மேல் விளிம்பில் ஒரு ஓரம் மெழுகு உருகினாற்போல் வழிந்திருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் முதல் ரிங்கும் இரண்டாவது ரிங்கும் அந்த இடத்தில் ஒட்டிப்போயிருக்கின்றன. அந்த வண்டியின் சொந்தக்காரர் இளைஞர். ஒரு வருடச் சேமிப்பை அதில் போட்டிருந்தார். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், மூவாரைத் தாண்டி, வெள்ளைப் புகையோடு ஓரம் கட்டியிருக்கிறார். பவர் வேண்டும் என்று யாராவது வந்தால் முதலில் இந்தப் பிஸ்டனைத்தான் கையில் கொடுப்பேன்.

"எஞ்சின் எண் மாறாது, யாருக்கும் தெரியாது" என்பதைப் பற்றி. இதைச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் மாற்றக்கூட வண்டியை விடாதீர்கள் என்பது என் கருத்து. உங்கள் கார் 1,598 சிசி என்று பதிவாகியிருக்கிறது. சாலை வரி அதை வைத்துத்தான். 1.6-க்கு வருடம் சுமார் 742 வெள்ளி. வண்டிக்குப் 14 வயது தாண்டியதால் 50 விழுக்காடு கூடுதல் சேர்ந்து நீங்கள் இப்போது ஏறத்தாழ 1,112 கட்டுகிறீர்கள். 1,794 சிசிக்கு அதே கணக்கில் 1,455 வெள்ளி வரும். அந்த வித்தியாசத்தை மறைத்து ஓட்டுவது வரி ஏய்ப்பு. எஞ்சின் மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்; இல்லாமல் செய்தால் அபராதமும் சிறையும் இருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய கவலை காப்புறுதி. விபத்து என்று வந்து, யாருக்காவது அடிபட்டு, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் நிலை வந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டும் வண்டியில் அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

சரி, இப்போது கெந்திங்குக்கு வருவோம். உங்கள் கேள்வியின் விடை அந்த மலையில்தான் இருக்கிறது.

கெந்திங் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 16 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுதான் பெட்ரோலை எரிக்கும். ஆகவே உச்சியை நெருங்கும்போது டர்போ இல்லாத எந்த 1.6 காரும், புத்தம் புதிதாக இருந்தாலும், ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துதான் ஏறும். உங்கள் எஞ்சின் புதிதாக இருந்தபோது சுமார் 109 குதிரைத்திறன் கொடுத்தது. மேலே போகும்போது அது 91 அளவில்தான் இருக்கும். வண்டியில் ஐந்து பேர், பெட்டிகள், ஏசி வேறு.

இன்னொன்று. அந்த 109-உம் நிமிடத்துக்கு 6,000 சுற்றில்தான் கிடைக்கும். 2,500 சுற்றில் இந்த எஞ்சின் 50 குதிரைத்திறனைத் தாண்டாது. நம்மில் பலர் எஞ்சின் சத்தம் போட்டாலே பாவம் என்று காலைத் தளர்த்திவிடுகிறோம். கியர்பெட்டி உடனே மேல் கியருக்குப் போகிறது, சுற்று விழுகிறது, வண்டி முனகுகிறது. சிங்கப்பூரில் விரைவுச்சாலையிலேயே 90-க்கு மேல் போக முடியாது என்பதால், நாலாயிரம் சுற்றைப் பல மாதங்கள் பார்க்காத எஞ்சின்கள் இங்கே நிறைய. மலையில் ஓவர்டிரைவை (உச்ச கியரை) அணைத்து, தேவைப்பட்டால் இரண்டாம் கியரில் பிடித்து, 4,000 முதல் 5,000 சுற்றில் வையுங்கள். குளிர்நீரும் எண்ணெயும் சரியாக இருந்தால் எஞ்சினுக்கு அது கெடுதல் இல்லை. குறைந்த சுற்றில் மிதியை முழுக்க அழுத்தி இழுப்பதுதான் கெடுதல்.

இத்தனையும் சொன்ன பிறகும், 2 லட்சத்து 40 ஆயிரம் ஓடிய எஞ்சின் தன் பங்குக்குச் சில குதிரைகளைத் தொலைத்திருக்கும். அவற்றைத் திரும்பக் கொண்டுவருவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அளவுமானியை வைத்து எஞ்சினைச் சுழற்றுவார்கள். அரை மணி நேர வேலை. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், மிதி முழுக்க அழுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் எண் பொய் சொல்லும். நான்கும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். சமீபத்தில் ஒரு அல்டிஸில் பார்த்தேன்: 175, 170, 120, 172 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). மூன்றாவது சிலிண்டர் படுத்துவிட்டது. அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி சுழற்றினோம். முள் 160-க்கு ஏறியது. எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைத்ததால்தான் ஏறியது, ஆகவே கோளாறு ரிங்கில். ஏறாமல் 120-லேயே நின்றிருந்தால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்த்திருப்போம். இந்த ஒரு தேக்கரண்டிச் சோதனையைச் செய்யாமலே எஞ்சினை இறக்கச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸெட்ஸெட் குடும்பத்துக்கு இதில் ஒரு பழைய வியாதி உண்டு. ஆரம்பகால 1ஸெட்ஸெட்டில், பிஸ்டனில் எண்ணெய் ரிங் உட்காரும் பள்ளத்திலிருந்து எண்ணெய் வழிந்து திரும்பும் துளைகள் சிறியவை. கரி படிந்து அவை அடைபட்டால் எண்ணெய் சிலிண்டர் சுவரிலேயே தங்கி எரியும். பிற்பாடு டொயோட்டா பிஸ்டனைத் திருத்தியது. அதனால்தான் ஹாஃப் கட்டிலிருந்து (பழைய காரின் வெட்டியெடுத்த முன்பாதி) எடுத்த 1.8 பாகங்கள் என்றால் நான் இன்னும் தயங்குவேன்: அவை எந்த வருடத்துப் பிஸ்டன், எவ்வளவு ஓடியது என்று யாரும் உங்களுக்கு எழுதித் தரப்போவதில்லை. உங்கள் வண்டியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு எண்ணெய் குறைகிறது என்று டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

எண்ணெய் எரிக்கும் எஞ்சின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) மெல்ல அடைத்துவிடும். வெளியே போக வழியில்லாத காற்று உள்ளேயும் வராது. முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானி பொருத்தி, 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். மலையில் முனகி, சமதரையில் பரவாயில்லை என்ற உங்கள் விவரிப்பைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

அடுத்து, விவிடி (வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) வால்வுக்குப் போகும் எண்ணெய் வழியில் ஹெட்டில் ஒரு சின்ன வலை இருக்கிறது. ஒரு போல்ட்டைக் கழற்றினால் கையில் வரும். விரல் நுனி அளவுதான். அதில் கசடு படிந்தால் கேம்ஷாஃப்ட்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நேரம் மாறாமல் நின்றுவிடும், வண்டி சோம்பும். பதினெட்டு வருட வண்டிகளில் இதை ஒருமுறைகூடத் திறக்காத பல எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன். பிளக், இக்னிஷன் காயில், த்ராட்டில் பாடி, காற்றளவு சென்சார், கியர் எண்ணெய் எல்லாம் வழக்கமானவை. ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஹெடர் வேண்டாம். அதன் பலன் உயர் சுற்றில்தான். எக்ஸாஸ்ட் மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், ஒவ்வொரு வருடப் பரிசோதனையிலும் அதைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டும்.

கோன் ஃபில்டர் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஊரில் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். உறிஞ்சும் சத்தம் பெரிதாகக் கேட்பதால் வேகம் கூடியதுபோல் தோன்றும். ஆனால் அசல் பெட்டி வெளிக்காற்றை இழுக்கிறது. திறந்த கோன் எஞ்சின் அறைக்குள் கொதிக்கும் காற்றை இழுக்கிறது. வெளியே 30 பாகை, பானட்டுக்குள் 60 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி 9 விழுக்காடு குறைகிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வண்டியை எடுத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அசல் பெட்டியில் புது காகித ஃபில்டர் போடுங்கள், போதும்.

எஞ்சினைத் தொடாமல் கிடைக்கும் சக்தியும் உண்டு. உங்கள் வண்டியின் எடை சுமார் 1,200 கிலோ. பூட்டில் நிரந்தரமாகக் கிடக்கும் 60 கிலோவை இறக்கினால், இழுக்கும் வகையில் அது 5 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம்.

கடைசியாகப் பணம். சோதனைகளில் ரிங் தேய்மானம் உறுதியானால், திருத்தப்பட்ட பிஸ்டன், புது ரிங், வால்வு சீல், சிலிண்டர் ஹோனிங் (உட்சுவரைத் தீட்டுவது) என்று அதே 1,598 சிசியில் எஞ்சினைப் புதுப்பிக்கலாம். அதுதான் நான் ஆதரிக்கும் பாக மாற்றம். ஆனால் உங்கள் சிஓஇ 2027-இல் முடிகிறது. மறுபடி புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தச் செலவில் இறங்குங்கள். வண்டியைக் கைவிடப்போகிறீர்கள் என்றால் அடைப்பு நீக்கி, பிளக்கும் வலையும் மாற்றி, எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். எப்படியானாலும் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது, வேலை தொடங்கும் முன் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்களையும், எண்ணெய் விட்ட பின் வந்த எண்களையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.